தங்கம், வெள்ளி, வெண்கலம்: பண்டைய இஸ்ரேல் ஆலயத்தில் எது எங்கே, ஏன்?

தங்கம், வெள்ளி, வெண்கலம் என்றதும் நமக்கு ஒலிம்பிக் மேடைதான் ஞாபகம் வரும். பண்டைய இஸ்ரவேலருக்கு இதே மூன்று உலோகங்களும் வேறொரு விஷயத்தைச் சொல்லின. கடவுள் இருக்கும் இடத்துக்கு நீ எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாய் என்பதை!

உலோகமே வரைபடம்

எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் பாலைவனத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தை பைபிளின் யாத்திராகமம் நுணுக்கமாக விவரிக்கிறது. மக்கள் வந்து நிற்கும் வெளிப்பிராகாரத்தில் பலிபீடம், கை கால் கழுவும் தொட்டி எல்லாம் வெண்கலம். கூடாரச் சுவரின் பலகைகளைத் தாங்கும் பாதங்கள் வெள்ளி. ஆசாரியர்கள் மட்டும் நுழையும் உள் அறையில் குத்துவிளக்கு, மேசை, தூபபீடம் எல்லாம் தங்கம். அதற்கும் உள்ளே, மகா பரிசுத்த ஸ்தலத்தில், உள்ளும் புறமும் பசும்பொன் தகடு வேய்ந்த உடன்படிக்கைப் பெட்டி.

அதாவது, உள்ளே போகப் போக உலோகத்தின் மதிப்பு கூடும். போக அனுமதி உள்ளவர்களின் எண்ணிக்கை குறையும். கடைசி அறைக்குள் பிரதான ஆசாரியர் ஒருவர்தான், அதுவும் வருடத்தில் ஒரே நாள்தான் போக முடியும்.

பின்னர் சாலொமோன் ராஜா எருசலேமில் 7 ஆண்டுகளில் கட்டிய ஆலயத்திலும் இதே கணக்குதான். வாசலில் இரண்டு பெரிய வெண்கலத் தூண்கள். உள்ளே லெபனோனின் கேதுரு மரப் பலகைகள், அவற்றின் மேல் தங்கத் தகடு. கடைசி அறை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 20 முழம். இந்த ஆலயத்தின் எச்சங்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எதுவும் கிடைக்கவில்லை. விவரங்கள் எல்லாம் நூல்கள் வழியாக வந்தவைதான்.

யார் கொடுத்த வெள்ளி?

கூடாரத்தின் வெள்ளி வந்த வழிதான் சுவாரஸ்யம். 20 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணும் அரை சேக்கல் தர வேண்டும். பணக்காரர் கூடத் தரக் கூடாது, ஏழை குறைத்துத் தரக் கூடாது. கணக்கில் வந்தவர்கள் 6,03,550 பேர். அந்த வெள்ளியில் 100 தாலந்தை உருக்கி 100 பாதங்கள் வார்த்தார்கள். ஆக, தங்கம் பூசிய சுவர்கள் நின்றதே எல்லோரும் சமமாகக் கொடுத்த வெள்ளியின் மேல்தான்.

வெண்கலத் தொட்டிக்கும் ஒரு கதை உண்டு. வாசலில் சேவை செய்த பெண்களின் முகம் பார்க்கும் கண்ணாடிகளை உருக்கிச் செய்தது அது. அந்தக் காலத்தில் கண்ணாடி என்பது பளபளப்பாக்கிய வெண்கலம்தான்.

இரும்புக்கு ஏன் தடை?

கல்லில் பலிபீடம் கட்டினால், அந்தக் கல்லின் மேல் உளி படக் கூடாது என்பது விதி. சாலொமோன் ஆலயம் எழும்போதும் அங்கே இரும்புக் கருவியின் சத்தமே கேட்கவில்லையாம். கற்களை வெட்டிய இடத்திலேயே செதுக்கிக் கொண்டுவந்தார்கள். யூத மரபு நூலான மிஷ்னா இதற்குச் சொல்லும் விளக்கம்: பலிபீடம் மனிதனின் ஆயுளைக் கூட்ட இருப்பது, இரும்பு அதைக் குறைக்க இருப்பது. அப்புறம் இரண்டும் எப்படிச் சேரும்?

தங்கம் மட்டும் புனிதமா?

அப்படிச் சொல்ல முடியாது. இதே மக்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துத்தான் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்டார்கள். அதே தங்கம், அங்கே அது பாவம். அதனால்தானோ என்னவோ, பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் கடைசி அறைக்குள் போகும்போது பொன் அலங்கார உடையைக் கழற்றிவிட்டு, சாதாரண வெள்ளைச் சணல்நூல் உடையில்தான் போவார். கன்றுக்குட்டிப் பாவத்தை நினைவூட்டும் தங்கத்தோடு மன்னிப்புக் கேட்கப் போகலாமா என்று யூத குருமார்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள்.

ஆலயத் தங்கம் நிலைக்கவும் இல்லை. அசீரியாவுக்குக் கப்பம் கட்ட எசேக்கியா ராஜாவே கதவுகளின் தங்கத்தை உரித்துக் கொடுத்தார். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர்கள் ஆலயத்தை எரித்து, வெண்கலத் தூண்களை உடைத்து அள்ளிச் சென்றார்கள்.

அதே இடத்தில் மறுபடியும் ஆலயம் எழுந்தது. கி.மு. 63-ல் ரோமத் தளபதி பாம்பே அதன் கடைசி அறைக்குள்ளேயே நுழைந்து பார்த்தார். அங்கே எந்தச் சாமி சிலையும் இல்லை. வெறும் அறை!