மூக்கின் வழியே – 14: உறைபெட்டியில் காத்திருந்த சாட்சி

சென்ற வாரம் சவூதியின் ஜெட்டாவில் நிறுத்தியிருந்தேன். 2012 ஜூன், அறுபது வயது நோயாளி, டாக்டர் அலி முகமது ஜாக்கி கண்ட புதிய கொரோனா வைரஸ், பின்னாளில் அதற்கு வந்த ‘மெர்ஸ்’ என்ற பெயர். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

இந்த வாரம், அந்த வைரஸைச் சுமக்கும் ஒட்டகத்தைச் சுற்றி வாழும் மனிதர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மூன்று நாட்களுக்கு முன் கொல்லிமலையில், தேவனூர் நாட்டு ஆட்டுப்பட்டி ஒன்றில் காதில் விழுந்த ஒரு கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நான் போனது வேறு வேலையாக. போன இடத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடந்துகொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய ஒரு தோட்டத்து ஓரம். ஊசி போடும் முன் சில ஆடுகளில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார் கால்நடை மருத்துவர். உதவியாளர் ஆட்டின் தாடையைத் தூக்கிப் பிடிக்க, இவர் கழுத்து மயிரை ஒதுக்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். நரம்பு சுண்டுவிரல் கனத்துக்குப் புடைத்தது. ஆடு ஒருமுறை கத்தியது, அவ்வளவுதான்.

ஆட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “ஏஞ்சாமி, ஊசி போடறீங்க, சரி. நல்லா மேயுற ஆட்டுக்கு எதுக்குங்க ரத்தம் எடுக்கறது?”

“ஆயா, காய்ச்சல்ல படுத்த ஆட்டை நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. நல்லா இருக்கற ஆட்டைத்தான் நாங்க பார்க்கணும்.”

சொல்லிவிட்டுக் குழாயைச் சாய்த்து வைத்தார். அரை மணி நேரத்தில் இரத்தம் உறைந்து அடியில் ஒதுங்கியது. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது சீரம். ஒரு பிராணி இதுவரை எந்தெந்த நோயோடு மல்லுக்கட்டியது என்பதற்கான எதிர்ப்பொருள்கள் அந்த நீரில்தான் இருக்கின்றன. நோய் போய்விடும், அதன் தடம் இருக்கும்.

மெர்ஸின் கதையைத் திறந்ததும் இப்படி ஒரு குழாய்தான். ஜெட்டா நோயாளி இறந்த பிறகு, வைரஸ் எங்கிருந்து வந்தது என்று தேடியவர்கள் முதலில் வௌவால்களைப் பிடித்தார்கள். அவர் ஊரான பீஷாவைச் சுற்றிப் பிடித்ததில் ஒரே ஒரு வௌவாலில் ஒரு சிறு மரபணுத் துணுக்கு பொருந்தியது. ஆனால் அந்த ஊரில் யாரும் வௌவாலோடு குடித்தனம் செய்வதில்லை. இடையில் வேறொரு பிராணி இருக்க வேண்டும். ஓமன் நாட்டில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற 50 ஒட்டகங்களின் சீரத்தைச் சோதித்தார்கள். ஒன்றுகூடப் படுத்த ஒட்டகம் இல்லை. முடிவு 2013 ஆகஸ்டில் வெளியானது: ஐம்பதிலும் மெர்ஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது.

இதற்கடுத்து வந்த செய்திதான் இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒட்டகத்துக்கு இது எப்போது வந்தது? 2012இலா, 2010இலா? இதற்கு இன்று எடுக்கும் இரத்தம் பதில் சொல்லாது; பழைய இரத்தம் வேண்டும். சோமாலியா, சூடான், எகிப்து நாடுகளின் ஒட்டகங்களிடமிருந்து முன்னெப்போதோ எடுத்த 189 சீரங்கள் உறைநிலையில் பத்திரமாக இருந்தன. 1983 முதல் 1997 வரை எடுத்தவை. அவற்றை உருக்கிச் சோதித்து 2014இல் முடிவை எழுதினார்கள். நூற்றுக்கு 81 சீரங்களில் மெர்ஸை முறியடிக்கும் எதிர்ப்பொருள்!

1983! கபில்தேவ் உலகக் கோப்பையைத் தூக்கிய வருடம். அந்த வருடத்து ஒட்டகத்தின் இரத்தத்தில், 2012இல் பெயர் பெற்ற வைரஸின் தடம். முப்பது வருடம் அது ஒட்டகத்தின் மூக்கில் குடியிருந்திருக்கிறது. அத்தனை காலமும் அந்த ஒட்டகங்களைக் கட்டி, கறந்து, ஏற்றி, இறக்கி மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ‘நிமோனியா’ என்ற ஒற்றைச் சொல்லோடு புதைக்கப்பட்டார்களோ!

அந்தச் சீரத்தை எடுத்த கைகளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இந்த வைரஸைத் தேடி அவர்கள் எடுத்திருக்க முடியாது. அப்படி ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. வேறு ஏதோ காரணத்துக்காக வெயிலில் நின்று, திமிறும் ஒட்டகத்தை மடக்கி, குழாயில் நிரப்பி, எண்ணிட்டு, குளிரில் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதைத் தூக்கி எறியாமல் காத்தார்கள். மின்சாரம் போகாமல் பார்த்துக்கொண்ட ஊழியருக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் பங்குண்டு. கண்காணிப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை: நோய் தெரியும் முன்பே பார்த்துவைப்பது, பார்த்ததைக் காத்துவைப்பது.

இந்த இடத்தில் மலையடிவாரத்து நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கொரோனா என்ற சொல்லை நாம் 2020இல்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். கோழிப் பண்ணைக்காரர்களோ அதைப் பல காலமாக ‘ஐ.பி.’ என்ற பெயரில் அறிவார்கள். கோழியின் மூச்சுக்குழாயைத் தாக்கும் அந்த நோயை 1931இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் முதலில் பதிவு செய்தார்கள். கொரோனா வைரஸ் குடும்பத்தில் முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் கூண்டுக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பெண்களின் கைகள், நமக்கு வெகு முன்பே ஒரு கொரோனாவை எதிர்த்து வேலை செய்துகொண்டிருந்தன. மாட்டு மருத்துவம் ஒரு துறை, மனித மருத்துவம் வேறு துறை என்று நடுவில் சுவர் எழுப்பிய நாம், இந்த அனுபவத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கவில்லை.

ஒட்டகத்துக்குத் திரும்புகிறேன். நலமாக இருக்கும் ஒட்டகத்தை எப்படிக் கண்காணிப்பது? இரண்டு வழி. இரத்தம் எடுத்துப் பார்ப்பது பழைய தொற்றைச் சொல்லும். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுப்பது இன்றைய தொற்றைச் சொல்லும். வளர்ந்த ஒட்டகங்களில் பெரும்பாலும் எதிர்ப்பொருள் கிடைக்கும். வைரஸ் அதிகம் கிடைப்பது கன்றுகளில். அதுவும் லேசான மூக்கொழுகலோடு சரி. மனிதரில் அதே வைரஸ் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழத்தில் இறங்கிவிடுகிறது. அது பற்றிக்கொள்ளும் டி.பி.பி.4 என்ற புரதம் ஒட்டகத்துக்கு மூக்கிலும் நமக்கு நுரையீரலின் அடியிலும் இருப்பதுதான் காரணம். அதனால்தான் கன்றுக்குச் சளியாக வருவது, மேய்ப்பவருக்கு உயிர்ப்போராட்டமாக மாறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்துக்கு இதுவரை தெரியவந்த சுமார் 2,600 நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

கத்தாரில் 2013 அக்டோபரில் ஒரு தொழுவத்தையே சோதித்தார்கள். இரண்டு மனிதர்களுக்கு நோய் கண்ட இடம் அது. கட்டியிருந்த 14 ஒட்டகங்களிலும் எதிர்ப்பொருள். மூன்றின் மூக்கில் வைரஸே இருந்தது. ஒரே தொழுவம், ஒரே சோதனை, பிராணிக்கும் மனிதருக்கும் சேர்த்து. இப்படித்தான் பார்க்க வேண்டும்.

நம் மாநிலமும் ஒருமுறை இப்படிப் பார்த்தது. 2021 ஜூன் 3 அன்று வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அங்கிருந்து போபால் ஆய்வகத்துக்கு அனுப்பிய 11 சிங்கங்களின் மாதிரிகளில் ஒன்பதில் கோவிட் தொற்று. உடனே முதுமலை தெப்பக்காடு முகாமின் 28 யானைகளின் தும்பிக்கையிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். பாகன்களுக்கும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். அங்கே பயம் எதிர்த்திசையில் இருந்தது: மனிதரிடமிருந்து யானைக்குப் போய்விடக் கூடாதே என்று. திசை எதுவானாலும் கட்டுத்தறியின் இரு முனையையும் பார்த்தாக வேண்டும்.

ஒட்டகமே இல்லாத ஊரில் இதை ஏன் இத்தனை நீட்டி எழுதுகிறேன்? நம்மவர்கள் ஒட்டகத்தோடு இருக்கிறார்கள். வளைகுடாவில் மேய்க்கிறார்கள், கறக்கிறார்கள், தொழுவம் கூட்டுகிறார்கள். மருத்துவமனைகளில் செவிலியராக நிற்கிறார்கள். 2020 ஜனவரியில் சவூதியின் ஆசிர் பகுதியில் கேரளச் செவிலியர் ஒருவருக்குக் கொரோனா என்று செய்தி பரவியது. வூகான் வைரஸ் என்று ஊரே பதறியது. சோதித்தால், அது மெர்ஸ்.

மெர்ஸ் உடலில் தலைகாட்ட இரண்டு முதல் பதினான்கு நாட்கள் ஆகலாம். விமானம் ஏறும்போது நலமாக இருப்பவர் வீட்டுக்கு வந்து படுக்கலாம். தென்கொரியாவில் 2015இல் அப்படித் திரும்பிய ஒரே பயணியிடமிருந்து தொடங்கி 186 பேருக்குப் பரவி, 38 பேர் இறந்தார்கள். நோய் இன்னதென்று தெரியும் முன் அவர் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளுக்குப் போய்வந்திருந்தார். எனவே வளைகுடாவிலிருந்து வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் கண்டால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: “அங்கிருந்து வந்தேன், ஒட்டகத்தோடு இருந்தேன்.” அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கே இருப்பவர்கள் ஒட்டகப் பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்; தொழுவத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

செவ்வாய் இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. காலையில் பக்கம் முடிய வேண்டும். சவூதியில் 10,009 பேரின் சீரத்தைச் சோதித்த ஆய்வும், அதைத் தொட்டு எடுத்த 87 மேய்ப்பர்களின், 140 இறைச்சிக்கூடத் தொழிலாளர்களின் கணக்கும் என் மேசைமேல் கிடக்கின்றன. அந்த மனிதர்களுக்கு ஒரு முழு வாரம் தர வேண்டும். அடுத்த இதழில் தருகிறேன்.

தேவனூர் நாட்டில் முகாம் முடிந்து ஜீப் கிளம்பியபோது குளிர்பெட்டியைத் தரையில் வைக்காமல் மருத்துவர் மடியில் வைத்துக்கொண்டார். குலுங்கினால் இரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும், சோதனைக்கு ஆகாது. எழுபது வளைவிலும் அவர் கை அந்த மூடியை விட்டு எடுபடவில்லை.