அலுவலகத்தில் கட்டற்ற இயங்குதளம்: பாஸ் லினக்ஸும் தமிழ்நாட்டு அனுபவமும்

பாஸ் லினக்ஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிப் பராமரித்துவரும் கட்டற்ற இயங்குதளம். ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்ற பெயரின் சுருக்கமே பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இது 2007-இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். விலை கிடையாது. எத்தனை கணினிகளிலும் நிறுவலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இவ்வளவு இருந்தும், மதுரையில் ஏதாவது ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் மேசைமேல் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ்தான்.

முயற்சி நடக்காமல் இல்லை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைத்ததால் எல்காட் என்ற அரசு நிறுவனத்தை மதுரைக்காரர்கள் அறிவார்கள். 2006-07 காலத்தில் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் இ.ஆ.ப., நிறுவனத்தின் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கப்பட்ட கணினிகளிலும் லினக்ஸ் இடம்பெற வழிசெய்தார். இந்திய அளவில் பேசப்பட்ட மாற்றம் அது. ஆனால் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே கணினியில் சேர்ந்து வந்தன. கணினி தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எதைத் தேர்வார்கள்? ஏற்கெனவே பழகியதைத்தான். 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, பாஸுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளைக் கேட்டுக்கொண்டது. உத்தரவு ஒரு நாளில் வந்துவிடும். விரல்களின் பழக்கம் ஒரு நாளில் மாறாது.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்கு லினக்ஸில் பயிற்சி கொடுத்தது, பாடநூலை அதற்கேற்ப எழுதியது, தேர்வையும் அதிலேயே நடத்தியது. அதனால் அங்குள்ள மாணவருக்கு லினக்ஸ் என்பது பள்ளிக்கூடக் கணினி, அவ்வளவுதான். தனியாகப் பிரசாரம் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு அலுவலகத்தில் உண்மையான முட்டுக்கட்டை இயங்குதளம் அல்ல, தமிழ்த் தட்டச்சு. பழைய கடிதங்கள், பட்டியல்கள், அறிக்கைகள் பல வானவில், பாமினி போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் கிடக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். “லினக்ஸ் போட்டதும் கோப்பெல்லாம் கெட்டுப்போச்சு” என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தக் கோப்பு விண்டோஸிலும் அதே எழுத்துரு இல்லாவிட்டால் இப்படித்தான் தெரியும். கைபேசிக்கு அனுப்பினாலும் இதே கதி. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆகவே கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. லினக்ஸைப் பரிந்துரைக்க நினைப்பவர் இதை முதலில் முடித்துக் காட்டினால் பாதிச் சண்டை இல்லாமல் போகும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் இதற்கான மாற்றிகள் உள்ளன; கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறை நாட்களில் செய்யக்கூடிய வேலைதான்.

அடுத்தது விசைப்பலகை. தட்டச்சுப் பயிலகத்தில் ‘லோயர்’, ‘ஹையர்’ முடித்துவிட்டு இருபது ஆண்டுகளாக ஒரே வேகத்தில் அடித்துவரும் ஒருவரிடம், “இனி தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள் அம்மா” என்று சொல்வது நியாயமில்லை. சொல்லவும் தேவையில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகியவற்றோடு பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் கிடைக்கும். அதை அமைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அப்போதே வெளிவரும்.

நிரல்களை முதலில் மாற்றிவிட்டு இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுவது நல்லது. லிபரெஆபிஸ், பயர்பாக்ஸ் இரண்டும் விண்டோஸிலேயே ஓடும். சில மாதங்கள் அவற்றோடு பழகியவருக்கு லினக்ஸுக்கு வந்தபின் மாறித் தெரிவது பின்னணிப் படமும் பட்டிகளும்தான். பென்டிரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. வன்தட்டு தொடப்படாது என்பதால் மேலாளரிடம் அனுமதி கேட்பதும் எளிது. அந்தச் சோதனையிலேயே அச்சுப்பொறியையும் பார்த்துவிட வேண்டும். எச்பி அச்சுப்பொறிகள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். நம் ஊர் அலுவலகங்களில் நிறையக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 பொறுமையைச் சோதிக்கும். அதற்கான இயக்கியை நிறுவுவது தனி வேலை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் பல பழைய கணினிகளில் இல்லை. புதிதாக வாங்க நிதி கேட்டு எழுதும் நேரத்தில், அவற்றுள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாஸையோ வேறொரு லினக்ஸையோ நிறுவிக் காட்டலாம். கடிதம் அடிப்பதும், மின்னஞ்சல் பார்ப்பதும், அரசு இணையதளங்களில் விண்ணப்பம் ஏற்றுவதும் நடக்கும் மேசை அதற்குப் பொருத்தம். மின்கையொப்பச் சாதனம் பயன்படுத்தும் மேசையாக இருந்தால் அதற்கான லினக்ஸ் இயக்கி கிடைக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேலி ஓடும் கணக்குப் பிரிவுக் கணினியை மட்டும் தொட வேண்டாம். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் மூலம் லினக்ஸில் ஓட்ட முயல்பவர்கள் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் நாளில் அது நின்றால் திட்டு முழுவதும் லினக்ஸுக்கும் அதைக் கொண்டுவந்தவருக்கும்தான் விழும். பத்துக் கணினிகள் உள்ள அலுவலகத்தில் எட்டு மாறி இரண்டு விண்டோஸிலேயே இருந்தாலும் வேலை நடக்கும்.