டிஎன் 09-இல் எத்தனை வண்டிகளுக்கு இடம்?

சென்னை கே.கே. நகர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவான வண்டி என்றால் நம்பர் பிளேட்டில் டிஎன் 09 என்று இருக்கும். அது மாறாது. அடுத்து வரும் எழுத்துகளும் நான்கு இலக்கங்களும்தான் வண்டிக்கு வண்டி மாறும். டிஎன் 09 மொத்தம் எத்தனை வண்டிகளுக்குக் காணும் என்று அறிய, அந்த மாறும் பகுதியை எண்ணினால் போதும்.

கடைசியிலிருந்து தொடங்குவது சுலபம். நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எது வேண்டுமானாலும் வரலாம். 10 × 10 × 10 × 10 = 10,000. ஆனால் வரிசை 0001-இல்தான் தொடங்குகிறது. 0000-ஐக் கழித்தால் 9,999.

எழுத்துகளில் ஆங்கிலத்தின் 26-உம் வராது. ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று 1 போலவும் மற்றது பூஜ்யம் போலவும் கண்ணுக்குத் தெரியும். இடித்துவிட்டு ஓடும் வண்டியின் எண்ணை ஒரு நொடியில் படிக்க வேண்டியவருக்கு அந்தக் குழப்பம் கூடவே கூடாது. மிச்சம் 24.

இரட்டை எழுத்தில், ஏ-க்குப் பின்னால் 24 எழுத்துகள் வரலாம்: ஏஏ, ஏபி, ஏசி என்று. பி-க்குப் பின்னால் இன்னொரு 24. இப்படியே 24 எழுத்துக்கும் போனால் 24 × 24 = 576. ஒரே எழுத்து இரு முறை வரலாம் என்பதால்தான் இது 24 × 23 ஆகவில்லை.

ஏ, பி, சி என்ற ஒற்றை எழுத்து வரிசைகளும் உண்டு. இரட்டை எழுத்துக்கு முன்பே வந்தவை. அவை 24. இங்கே பெருக்கக் கூடாது, கூட்ட வேண்டும். ஒரு வண்டிக்கு இந்த எழுத்தும் வேண்டும், அந்த இலக்கமும் வேண்டும் என்றால் பெருக்கல். ஒற்றை எழுத்து அல்லது இரட்டை எழுத்து, இரண்டில் ஒன்றுதான் என்றால் கூட்டல். இந்த வேறுபாடு பிடிபட்டால் சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

24 + 576 = 600 வரிசைகள். 600 × 9,999 = 59,99,400.

ஐ, ஓ இரண்டையும் அனுமதித்திருந்தால் 702 வரிசைகள், 70,19,298 எண்கள் கிடைத்திருக்கும். இரண்டே எழுத்துகளை விட்டதில் பத்து லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அரசு வாகனங்களுக்கு ஜி, அரசுப் பேருந்துகளுக்கு என் என்று ஒதுக்குவதாலும் பொதுமக்களுக்குக் கிடைப்பது இன்னும் குறையும். அப்படியும் பஞ்சமில்லை. ஆர்.டி.ஓ. குறியீடு 01 முதல் 99 வரை போகலாம் என்று வைத்தால் மாநிலம் முழுவதற்கும் 59,39,40,600. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நான்கு இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டி, கடைசியில் 8 வந்தால் அந்த எண்ணே வேண்டாம் என்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஒரு வரிசையில் அப்படிப்பட்ட எண்கள் எத்தனை? ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை. 0001-இன் கூட்டுத்தொகை 1, 0002-க்கு 2, 0009-க்கு 9. 0010-இல் மறுபடி 1. அடுத்தடுத்த எந்த ஒன்பது எண்களை எடுத்தாலும் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரு முறை வந்துவிடும். 9,999-ஐ 9-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 1,111. ஆக, எட்டுக்கும் மற்ற எண்களுக்கும் சரிசமமான பங்கு. எட்டைத் தவிர்ப்பவருக்கு ஒரு வரிசையில் 8,888 மிஞ்சும். 600 வரிசையிலும் சேர்த்தால் 53,32,800.