ஆறாவது ஆட்டக்காரர் நீங்கள்தான்!

குட்டீஸ், கூடைப்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்கு எத்தனை பேர் களத்தில் இறங்குவார்கள்? "ஐந்து பேர்!" என்று டக்கென்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் ஆறாவதாக ஒருவரும் இருக்கிறார். அவருக்கு ஜெர்ஸி கிடையாது, நம்பர் கிடையாது. பந்தைத் தொடவும் கூடாது. கேலரியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்க மட்டும் அனுமதி உண்டு! யார் அவர்? ஆட்டம் பார்க்க வந்திருக்கும் ரசிகர்தான்.

கிரிக்கெட் என்றால் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். கூடைப்பந்தை அப்படிப் பார்த்தால் பாதி சுவைதான். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அது சுலபம். உப்பளத்தில் ராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. தேசிய அளவிலான சிறுவர், சிறுமியர் கூடைப்பந்துப் போட்டிகள்கூட நம் ஊரில் நடந்திருக்கின்றன. கல்லூரி அணிகள் மோதும் போட்டி என்று நோட்டீஸ் கண்ணில் பட்டால், வீட்டில் பெரியவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். போவதற்கு முன் ரசிகர்களின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கைக்கெட்டும் தூரத்தில்!

கிரிக்கெட் மைதானத்தில் பேட்ஸ்மேன் எங்கோ தூரத்தில் எறும்பு மாதிரி தெரிவார். கூடைப்பந்துக் களமோ 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம்தான். முன்வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் உங்களுக்குச் சில அடி தூரத்தில் ஓடுவார். ஷூ தரையில் உரசும் 'கீச்' சத்தம், பந்து 'தப் தப்' என்று குதிக்கும் சத்தம், "இங்கே போடு!" என்று தோழரை அழைக்கும் குரல் எல்லாம் கேட்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது என்றால், நீங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கும்!

முதல் ஆட்டம், முதல் கூட்டம்

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். வெளியே கடும் குளிர். மாணவர்கள் உள்ளே அடைந்து கிடந்து அலுத்துப் போனார்கள். அவர்களுடைய பி.டி. மாஸ்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் புதிதாக ஒரு விளையாட்டை யோசித்தார். உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு பக்கமும் பால்கனி இருந்தது. அதன் விளிம்பில், 10 அடி உயரத்தில், பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். கால்பந்தைக் கையால் எறிந்து கூடைக்குள் போட வேண்டும். அன்று மொத்தமே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது!

புது விளையாட்டைப் பார்க்கச் சீக்கிரமே கூட்டம் கூடியது. எங்கே உட்காருவது? கூடை தொங்கிய அதே பால்கனியில்தான்! பந்து கிட்டே வந்தால் சும்மா இருப்பார்களா? தங்கள் அணி எறிந்த பந்தைக் கூடைக்குள் தள்ளிவிட்டார்கள். எதிரணி எறிந்ததைத் தட்டிவிட்டார்கள். இந்தத் தொல்லை தாங்காமல் கூடைக்குப் பின்னால் கம்பி வலையாலான ஒரு தடுப்பை வைத்தார்கள். பிறகு அது மரப்பலகையாகி, இப்போது கண்ணாடிப் பலகையாகிவிட்டது. பந்தை அடித்துத் திருப்பிக் கூடைக்குள் போட அந்தப் பலகை எவ்வளவு உதவுகிறது! ஆனால் அது பிறந்தது ஆட்டக்காரர்களுக்காக அல்ல, ரசிகர்களின் கையைத் தடுக்க!

பாரிஸில் ஒரு 'ரூ'

புதுச்சேரியின் பழைய வீதிகளில் பெயர்ப் பலகையைப் படித்திருப்பீர்கள். 'ரூ' என்று தொடங்கும். பிரெஞ்சு மொழியில் 'ரூ' என்றால் தெரு. பாரிஸில் 'ரூ தெ த்ரெவீஸ்' என்றொரு தெரு இருக்கிறது. ஐரோப்பாவின் முதல் கூடைப்பந்து ஆட்டம் அங்கேதான் 1893 டிசம்பர் 27 அன்று நடந்தது. அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. நெய்ஸ்மித் ஆடிய பழைய கூடம் இப்போது இல்லை. பாரிஸ் கூடம் இருக்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கூடைப்பந்துக் களங்களில் அதுவும் ஒன்று. களத்துக்குள்ளேயே இரும்புத் தூண்கள் நிற்கின்றன. எதிரணியை ஏமாற்றுவதோடு தூணில் முட்டாமலும் ஓட வேண்டியிருந்தது!

ஆண்களுக்கு அனுமதி இல்லை!

பெண்களும் உடனே இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1896 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவிகள் மோதினார்கள். கேலரி நிறைந்து வழிந்தது. ஆனால் அத்தனை பேரும் பெண்கள். பெண்கள் ஓடியாடுவதை ஆண்கள் பார்ப்பது சரியல்ல என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். 2-1 என்ற கணக்கில் ஸ்டான்ஃபோர்டு வென்றது.

அதே அமெரிக்காவில் 2023 அக்டோபரில் அயோவா பல்கலைக்கழக மாணவிகள் ஆடிய ஆட்டம் திறந்தவெளி கால்பந்து ஸ்டேடியத்தில் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 55,646 பேர்! எல்லாரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு கடிதம் செய்த வேலை

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் திருவிழாதான். டியூக் பல்கலைக்கழகத்தில் 'கேமரன் இண்டோர் ஸ்டேடியம்' இருக்கிறது. 1940-இல் கட்டியது. 9,314 பேர்தான் உட்காரலாம். களத்தை ஒட்டிய இடம் மாணவர்களுக்கு. உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை நின்றபடியே கத்துவார்கள். பக்கத்து ஊர் நார்த் கரோலினா அணி வருகிறது என்றால், இடம் பிடிப்பதற்காகப் பல வாரங்களுக்கு முன்பே அரங்கத்துக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்குவார்கள். 1986-இல் தொடங்கிய இந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது.

ஆனால் அதற்கு முன்பு ஒரு தவறு நடந்தது. 1984 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரணி வீரர் ஒருவரை மாணவர்கள் மிகவும் கேவலமாகக் கிண்டல் செய்தார்கள். கெட்ட வார்த்தைகளும் பறந்தன. செய்தி நாடெங்கும் பரவியது. பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு என்ன செய்தார் தெரியுமா? யாரையும் தண்டிக்கவில்லை. மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'உங்களுக்கு மூளை இருக்கிறது, ஆபாசம் இல்லாமலே வேடிக்கையாகக் கத்த உங்களால் முடியும்' என்ற பொருளில் அன்பாகச் சொல்லி, கீழே 'டெர்ரி மாமா' என்று கையெழுத்துப் போட்டார்!

அடுத்து நார்த் கரோலினா அணி வந்தது. மாணவர்கள் தலையில் கம்பியையும் ஜிகினாத் தாளையும் வளைத்துத் தேவதை வளையம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எதிரணிப் பயிற்சியாளரை வரவேற்று அட்டை பிடித்தார்கள். நடுவரின் தீர்ப்பு பிடிக்காதபோது கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "மன்னிக்கணும், எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை!" என்று கோரஸாகக் குரல் கொடுத்தார்கள். அரங்கமே சிரித்தது. சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. அசிங்கம் மட்டும் காணாமல் போனது.

ரசிகர்களின் கையைத் தடுக்கப் பலகை வைத்தாயிற்று. வாயைத் தடுக்க யாரும் பலகை வைக்க முடியாது. அதை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்த் திருவிழா

நம் நாட்டிலும் கல்லூரிப் போட்டிக்குப் படிகள் உண்டு. முதலில் கல்லூரிகளுக்கு இடையே ஆட்டம். அதில் நன்றாக ஆடுபவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அதில் தேறினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. இது போக, 2020-இல் 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டுகளும் தொடங்கின.

கூடைப்பந்துக்குக் கூட்டம் வருமா என்று கேட்கிறீர்களா? தேனி மாவட்டம் பெரியகுளத்துக்கு மே மாதம் போய்ப் பாருங்கள். அங்கே சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாக அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. பல ஊர்களிலிருந்து பெரிய அணிகள் வரும். மின்னொளியில் இரவு ஆட்டம். 2022-இல் தேசிய சீனியர் போட்டி சென்னையில் நடந்தபோது, நம் ரசிகர்கள் முன்னிலையில் தமிழ்நாடு ஆண்கள் அணி பட்டம் வென்றது.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையைத் தெரியுமா? 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆனவர். ஒன்பது ஆசியக் கோப்பைப் போட்டிகளில் ஆடியவர். 2021-இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காலி நாற்காலி கை தட்டாது

2020-இல் கொரோனா காலத்தில் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்கள் ரசிகர்களே இல்லாமல் நடந்தன. களத்தைச் சுற்றிப் பெரிய திரைகளை நிறுத்தி, வீட்டிலிருந்தே பார்க்கும் 300-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் முகங்களை அதில் காட்டினார்கள். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் ஆட்டக்காரர்களுக்கே யாராவது பார்ப்பது தேவைப்பட்டது!

அப்படியானால் நம் கல்லூரி அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்? அவர்களில் பலர் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்துவிட்டு, பிறகு வகுப்புக்கு ஓடுபவர்கள். இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் வரும். காலையில் நடக்கும் முதல் சுற்று ஆட்டத்துக்கும், பெண்கள் ஆட்டத்துக்கும் பல இடங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அங்கே நீங்கள் நாலு பேர் போய் உட்கார்ந்து கை தட்டினால் போதும். அன்று அந்த அணியின் ஆறாவது ஆட்டக்காரர் நீங்கள்தான்!

பார்க்கப் போகிறீர்களா? இதோ டிப்ஸ்!

* பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். பந்து கிடைத்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஓடும் கடிகாரத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

* கூடையிலிருந்து 6.75 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு இருக்கும். அதற்கு வெளியிலிருந்து போட்டால் 3 புள்ளி, உள்ளேயிருந்து போட்டால் 2, ஃப்ரீ த்ரோவுக்கு 1.

* எப்போதும் பந்தையே பார்க்காதீர்கள். பந்து இல்லாத ஆட்டக்காரர் எப்படி நழுவி இடம் பிடிக்கிறார் என்று பாருங்கள். ஆட்டத்தின் ரகசியம் அங்கேதான்.

* ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகும் அவருக்கும் கை தட்டுங்கள்.

* ஆட்டம் நடக்கும்போது களத்தின் ஓரத்தில் ஓடாதீர்கள். தண்ணீர் சிந்தாதீர்கள். ஈரத்தில் ஆட்டக்காரர் வழுக்கி விழுந்தால் காலே முறியலாம்.

* தோற்ற அணி வெளியே வரும்போது, "நல்லா ஆடினீங்க அக்கா!" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்த முகத்தில் வரும் சிரிப்பை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள்.

என்ன குட்டீஸ், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கிளம்பலாமா? தோலை மட்டும் கேலரியில் போடாமல் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்!