தொட்டியைக் கழுவாதீர்கள்

பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் புத்தகம், ‘நமது சுற்றுச்சூழல்’ பாடத்தில் மாணவர்களை ஒரு மீன்தொட்டி அமைக்கச் சொல்கிறது. பிறகு கேட்கிறது: தொட்டியை ஏன் அவ்வப்போது கழுவ வேண்டியிருக்கிறது? குளத்தையும் ஏரியையும் அப்படிக் கழுவுகிறோமா? அந்தப் பாடத்திலேயே ஆழமான கேள்வி இதுதான். ஆனால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்ற உணவுச் சங்கிலியின் அம்புக்குறிகளோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது; தொட்டி வைத்தாலும் அது அழகுப் பொருளாகிவிடுகிறது. கடற்கழி பக்கத்திலேயே இருக்கும், நவி மும்பையின் கோபர்கைரனே போன்ற இடத்தில் இது பெரிய இழப்பு. வகுப்பறைத் தொட்டியில் அழுக்கு இருக்கட்டும். அந்த அழுக்குதான் பாடம்.

லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-ல் விவரித்த சோதனை இதற்கு நல்ல சாட்சி. இரண்டு தங்கமீன்கள், கூடவே வாலிஸ்னேரியா செடி. மீன் விடும் கரியமில வாயு செடிக்கு, செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு. கணக்கு நேராகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆகவில்லை. இலைகள் அழுகி நீர் கலங்கியது, கண்ணாடியில் வழுவழுவென்று பச்சை படிந்தது. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்ட பிறகே தெளிந்தது. நத்தை அழுகலைத் தின்றது. அதன் முட்டையும் குஞ்சும் மீனுக்கு இரையாயின. அவர் கண்ணுக்கும் தப்பிய இன்னொரு கூட்டம் உண்டு. மீனின் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின் செடிக்கு உரமாகும் நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கூழாங்கல்லில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்துக் காட்ட 1890 வாக்கில்தான் முடிந்தது. புதுத் தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கல்லைத் தேய்த்துக் கழுவினால் அத்தனையும் போச்சு. பளபளக்கும் தொட்டியில் சில நாளில் மீன் செத்து மிதப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

மும்பை வட்டாரத்தில் பல பள்ளிகள் இரண்டு ஷிஃப்ட் நடத்துகின்றன. ஜன்னலோரம் ஒரே தொட்டியை வைத்தாலும், இரண்டு ஷிஃப்ட் பிள்ளைகளும் பார்ப்பது இரண்டு வேறு தொட்டிகள். இரவெல்லாம் செடியும் சேர்ந்து சுவாசித்து ஆக்சிஜனைச் செலவழித்திருக்கும். காலை ஏழு மணிக்கு, நெரிசலான தொட்டியில், மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மதியம் வருபவர்களுக்கோ ஹைட்ரில்லா தண்டிலிருந்து மணி கோத்ததுபோல் குமிழிகள் ஏறுவது தெரியும். இரு தரப்பும் ஒரே நோட்டில் எழுதிவைத்தால், ‘செடி ஆக்சிஜன் தரும்’ என்று மனப்பாடம் செய்த வரி அரைகுறை என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

தேங்கிய நீரில் கொசு வருமே என்று பெற்றோர் அஞ்சுவது நியாயம். முதலில் கொசுவலைத் துணியால் தொட்டியின் வாயைக் கட்டலாம். பிறகு நான்கைந்து கப்பி மீன்கள் போதும். கொசுப்புழுவை ஒழிக்க மும்பை மாநகராட்சி விடுவதும் இதே மீன்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம் என்பதால் ஆண்டு முடிவில் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. உயிரை வதைப்பது ஆகாதா என்ற கேள்வி இன்னும் கனமானது. மூடிய பாட்டிலில் மீனை அடைப்பதை நானும் ஏற்கவில்லை. நத்தை, செடி, நீர்த்தெள்ளு இவற்றோடு தொடங்கி, ஆறு வாரம் கழித்து, வாய் அகன்ற தொட்டியில் மட்டும் மீன் சேர்க்கலாம். சரி, அழுக்கு நல்லதென்றால் சாக்கடை கலப்பதும் நல்லதா? இல்லை. மீனோ நத்தையோ இல்லாத ஒரு பாட்டில் குளத்து நீரில், சிட்டிகை அளவுக்குப் பதில் ஒரு கைப்பிடி தீவனத்தைப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். சில நாளில் நீர் வெளுத்துக் கலங்கி நாற்றமெடுக்கும். அழுகலைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

கோபர்கைரனேவுக்கு மேற்கே, மராத்தியில் ‘காடி’ எனப்படும் தானே கடற்கழிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அலையாத்தி இலைகள் உதிர்ந்து மட்கி நண்டுக்கும் இறாலுக்கும் சோறு போடும் சேறு அது. கழிவு அளவு மீறினால் மூச்சுத் திணறுவதும் அதே சேறுதான். இந்தக் கடற்கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரை சரணாலயமானது. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலம் தொடங்கி மே மாதம்வரை, நீர் வற்றும் வேளைகளில், சிறு பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகால் நுண்பாசியை வடிகட்டுகின்றன. இறகின் இளஞ்சிவப்பே அந்த இரையிலிருந்து வருவது. அந்தச் சேற்றை ஒருவரும் கழுவியதில்லை.