ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல்

ரீட்–ஸ்டெர்ன்பெர்க் செல் என்பது ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோயில் காணப்படும் மிகப் பெரிய புற்றுச் செல் ஆகும். வீங்கிய நிணநீர்க்கணுவை அறுத்தெடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது இது தென்படும். இந்நோயை உறுதிசெய்ய முதன்மையான சான்று இதுவே.

தோற்றம்

சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். இந்தச் செல்லோ 20 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இரண்டு உட்கருக்கள், அல்லது இரு மடல்களாகப் பிரிந்த ஓர் உட்கரு இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் செந்நிற உட்கருமணி ஒன்று பெரிதாகத் தெரியும். அதைச் சுற்றி வெளிறிய வளையம் காணப்படும். இதனால் ஆந்தை விழித்துப் பார்ப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஒருமுறை பார்த்த மருத்துவ மாணவர் இதை எளிதில் மறப்பதில்லை.

ஆனால் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. கட்டியின் செல்களில் இவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். எஞ்சியவை லிம்போசைட்டுகள், இயோசினோஃபில்கள், பிளாஸ்மா செல்கள் போன்ற புற்றுத்தன்மையற்ற செல்கள். எனவே மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சிறு மாதிரியில் இவை தவறிப்போகலாம். கணுவை முழுதாக அகற்றிச் சோதிப்பதே நம்பகமானது.

ஆந்தைக் கண்ணைக் கண்டவுடன் முடிவு கட்டுவதும் சரியாகாது. எப்ஸ்டீன்–பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சலிலும், வேறு சில நிணநீர்ப் புற்றுகளிலும் இதைப் போன்ற செல்கள் தோன்றுவதுண்டு. ஆகவே சுற்றியுள்ள செல்களின் கலவையும் பொருந்த வேண்டும். புரதச் சாயச் சோதனையில் சிடி30, பெரும்பாலும் சிடி15 ஆகியவை காணப்படும். வெள்ளையணுக்களின் பொது அடையாளமான சிடி45 காணப்படாது.

காசநோயுடன் குழப்பம்

கழுத்தில் வலியற்ற கட்டி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை இரு நோய்களிலும் வரும். இரண்டிலும் ஈ.எஸ்.ஆர். உயரலாம், மார்பு எக்ஸ்ரேயில் நடுமார்புக் கணுக்கள் பருத்துத் தெரியலாம். பெட் ஸ்கேனிலும் இரண்டும் ஒளிரும். காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில், திசுப் பரிசோதனை இல்லாமலே காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு மாதங்கள் வீணாவது அறிந்த சிக்கல். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் குணமடையும் புற்று இது என்பதால் அந்தத் தாமதம் கொடியது.

திசுவில் வேறுபாடு புலப்படும். காசநோய்க் கணுவில் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல் சிதைந்த கிரானுலோமாக்கள் இருக்கும். ஹாட்ஜ்கின் கணுவிலும் சில வேளை கிரானுலோமாக்கள் தோன்றுவதால், அவற்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. இரு நோய்களும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

வரலாறு

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832 இல் இந்நோயை விவரித்தபோது நுண்ணோக்கியைப் பயன்படுத்தவில்லை. பிணக்கூறாய்வில் கண்ணால் கண்டதையே எழுதினார். அவர் காலத்து மாதிரிகளை 1926 இல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, சிலவற்றில் மட்டுமே இந்நோய் உறுதியானது.

1898 இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் இச்செல்லை விரிவாக விவரித்தார். அவர் பார்த்த நோயாளிகள் பலருக்குக் காசநோயும் இருந்ததால், இதைக் காசநோயின் ஒரு வகை என்றே கருதினார். 1902 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய டோரதி ரீட் அதை மறுத்து, இது தனி நோய் என்று காட்டினார். தவறாகக் கருதியவர் பெயரும் திருத்தியவர் பெயரும் ஒரே செல்லில் இணைந்தன.

இச்செல் எதிலிருந்து உருவாகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1990களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் திசுச் சீவலிலிருந்து இச்செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து மரபணுக்களை ஆராய்ந்தனர். பெரும்பாலும் பி லிம்போசைட்டே தன் அடையாளங்களை இழந்து இவ்வாறு மாறுகிறது என்று தெரியவந்தது. பாக்ஸ்5 என்னும் பி செல் புரதம் மட்டும் இதில் மங்கலாக எஞ்சியிருக்கும். ஆய்வகங்கள் இன்று அதையும் சோதிக்கின்றன.