கண்ணில் விழும் திரை

ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் பழைய தண்ணீர்க் குழாயைக் கழற்றும்போது உள்ளே பாருங்கள். உப்பும் சுண்ணாம்பும் படிந்து துவாரம் சுருங்கியிருக்கும். துவாரம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? அழுத்தமும் நீளமும் மாறாதிருக்க, ஆரம் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும். பாய்சொய் விதி கூறுவது இதுவே.

நம் கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் தமனிகளிலும் வயதானால் கொழுப்பு படிவதுண்டு. இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் அன்று. மூளைக்கு மாற்று வழிகளும் உள்ளன. ஆகவே விதியை அப்படியே பொருத்திவிட முடியாது. மேலும், குறுகலைவிடப் பெரிய ஆபத்து படிவிலிருந்து பெயர்ந்து ஓடும் துணுக்கு.

துணுக்கு எங்கே போகும்? இத்தமனி மண்டையோட்டினுள் நுழைந்ததும் பிரியும் முதல் முக்கியக் கிளை கண்ணுக்குச் செல்கிறது. அதில் துணுக்கு சிக்கினால் அந்தக் கண் மட்டும், திரை இறங்கியதுபோல, இருண்டுவிடும். வலி இராது. சில நிமிடங்களில் துணுக்கு கரைந்தால் பார்வை திரும்பிவிடும். "சூடுதான், எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போகும்" என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிடுவார். அடுத்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம்!

இதைத் துப்பறிந்தவர் கனடா நாட்டு மருத்துவர் மில்லர் ஃபிஷர். வாதம் வந்த ஒரு நோயாளி, தமக்கு முன்பு சற்று நேரம் கண் இருண்டதென்றார். ஆனால் அது வாதத்துக்கு எதிர்ப்பக்கக் கண். மூளையின் வலப் பாதி உடலின் இடப் பக்கத்தை இயக்குகிறது. கண்ணுக்கோ அதே பக்கத் தமனியிலிருந்தே இரத்தம் வருகிறது. இரண்டுக்கும் பொதுவான இடம் கழுத்துத் தமனி! 1951-இல் ஃபிஷர் இதனை வெளியிட்டார். அவர் பணியாற்றிய அதே மாண்ட்ரீல் நகரில் பயின்று வந்த ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார்.

மூளையின் பின்புறப் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்டால் கதை வேறு. இரு கண்களிலும் ஒரே பக்கப் பாதி மறையும். நோயாளிக்கே இது தெரியாமற் போகலாம். ஒரு பக்க நிலைப்படியில் மட்டும் இடித்துக் கொள்வார், படிக்கையில் வரியின் தொடக்கத்தை விட்டுவிடுவார். கண்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால் கோளாறு கண்ணிலோ அதன் தமனியிலோ. எதை மூடினாலும் அதே பாதி இல்லையென்றால் மூளையில். திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிவதும் எச்சரிக்கையே. மின்னும் வளைகோடுகள் மெல்லப் பரவி அரை மணிக்குள் மறைவது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியைச் சேர்ந்தது. ஆயினும் முதன்முறை என்றால் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

பார்வை திரும்பிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த இரண்டு நாட்களில்தான் பக்கவாத அபாயம் மிகுதி. குறை நீடித்தால் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா இரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவானால் அதே ஊசி உயிருக்கே கேடு. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். நோயாளி கடைசியாக எப்போது நன்றாயிருந்தார் என்ற மணியைக் குறித்துக் கொண்டு போங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.